தளர்ந்த உடம்பின் பேச்சு

அப்பாவுக்கு இன்னும் நன்றாகப் பசிக்கிறது, டாக்டர். காலையில் ரவா இட்லியும் தொட்டுக்கொள்ளக் காய்கறிச் சாகுவும் கொடுத்தால் மிச்சம் வைக்க மாட்டார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு என்ன மாத்திரை கொடுத்தேன் என்று கேட்டீர்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பேராசிரியர் நாராயண். அரசியல் சிந்தனையின் வரலாற்றை மைசூரில் அவரிடம் படிக்காதவர்கள் குறைவு. பழைய சமஸ்தானத்தில் சமத்துவம் என்ற எண்ணம் அரண்மனை அதிகாரிகளிடம் பிறந்து கீழே இறங்கியது என்பது அவர் வாதம். வாழ்நாள் முழுக்க அதைத்தான் எழுதினார். நானும் அதே துறையில் வாத்தியாரானேன். அந்த வாதத்தின் மேல்தான் என் புத்தகங்களும் நிற்கின்றன. அது இங்கே முக்கியமில்லை.

வகுப்பில் அவர் அடிக்கடி ஒன்று சொல்வார். ஒரு சிந்தனையாளர் கடைசிக் காலத்தில் தன் கருத்தைத் தானே மறுத்தால் பொருட்படுத்தாதீர்கள், அது தளர்ந்த உடம்பின் பேச்சு என்பார்.

போன வருடம் ஹனூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்விட்டு வந்தார். காபியைத் தொடவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் ரங்கா. அந்தக் கிராமத்து ஜனங்க சமத்துவத்தை அரண்மனைக்கு முன்னாடியே பேசியிருக்கா. அவாளை நான் எழுதாமலே விட்டுட்டேன். எனக்கு நடத்தற பாராட்டு விழால எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு அழுதார்.

அவர் பேரைக் காப்பாற்ற வேறு ஆள் இல்லை. அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்கு எழுதிக்கொடுத்திருந்த தூக்க மாத்திரையை அவர் பாலில் கரைத்தேன். முதலில் ராத்திரிக்கு மட்டும், பிறகு காலையிலும். அப்பாவுக்கு ஞாபகம் தப்புகிறது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். விழா மேடையில் எழுந்து நின்றார், வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. சபை எழுந்து கைதட்டியது. பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "எனக்கு மறதியாடா?" என்று கேட்டார்.

"ஆமாம்பா."

"நீ பக்கத்துல இருக்கியே, போறும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கொஞ்சம் தெளிந்தால் போதும், மறுபடி ஹனூர்ப் பேச்சையே எடுத்தார். அதனால் நிறுத்தவில்லை.

வீட்டில் நாங்கள் பேசுவது எங்கள் தமிழ். கன்னடம் வெளியாட்களோடுதான். நேற்றுக் காலை தட்டை வைத்தபோது அப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, "தாவு யாரு?" என்று, தாங்கள் யார் என்று, மரியாதையாகக் கன்னடத்தில் கேட்டார். பெற்ற மகனையே அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும், ஊரில் நான் சொன்னது பொய்யில்லை என்று ஒரு நிம்மதியும் வந்தது. மறதி நோய்தான் என்று உங்கள் வாயால் கேட்கத்தான் அவரை இங்கே அழைத்து வந்தேன்.

"உங்கள் மாணவன்" என்று அப்பாவுக்குக் கன்னடத்திலேயே பதில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பாடமெல்லாம் புரிந்ததா என்று கேட்டார்.

நன்றாகப் புரிந்தது சார் என்றேன்.