முட்டு எடுக்கும் நாள்

— இன்னிக்கும் வயித்துவலின்னு சொன்னா எவனும் நம்ப மாட்டான்டி, எர்சன். அதைப் போன வாரமே சொல்லிட்டேன்.

— அப்ப முழங்கால்னு சொல்லுங்க.

— அது ஈஸ்டருக்கு முன்னாடி சொன்னது. வளைவுக்கு அடியில குடுத்த மர முட்டு எடுக்கிற நாளாப் பாத்து வியாதி வர்ற மேஸ்திரி இந்த பிரான்ஸ்லயே நான் ஒருத்தன்தான்.

— பழைய கோயில்ல பூசை முடிஞ்சதும் பிஷப் வந்துடுவாரு. பொலம்பாம ரொட்டியைத் தின்னுங்க.

— இங்கயா? தலைக்கு மேல அத்தனையும் கல்லு. மரம் தாங்குதுன்னு கெடக்குது. உன் தம்பி ரெனியே மரத்துக்கு அடியில சொருகின ஆப்பைத் தட்டி எடுத்தா மரம் இறங்கிடும். அப்புறம் கல்லு தன் இஷ்டம்.

— அதுக்குத்தானே கட்டினவரு அடியில நிக்கணும்னு வெச்சிருக்காங்க.

— வெச்சவன் மேஸ்திரியா இருக்க மாட்டான்.

— இன்னிக்கும் நிக்கலைன்னா கோபுர வேலை வேற ஆளுக்குன்னு பிஷப் சொல்லிட்டாரே.

— தெரியும்டி. இந்தக் கோயிலை முதல்ல கட்டினவரு புத்திசாலி. குண்டுச் சுவரு, வட்ட வளைவு, பொந்து மாதிரி ஜன்னல். நிம்மதியாச் செத்தாரு. அடுத்தவரு வளைவைக் கூராக்கினாரு, அவரும் போய்ச் சேர்ந்தாரு. மூணாவதா வந்தேன் நான். சுவரையே எடுத்துட்டு பூரா கண்ணாடி வெச்சேன்.

— பாக்க அழகாத்தான் இருக்கு.

— வெளிய போய்ப் பாரு. ரெண்டு பக்கமும் கல்லால முட்டுக் குடுத்திருக்கேன். குடிகாரனை ரெண்டு பேரு கைத்தாங்கலாப் பிடிச்ச மாதிரி நிக்குது என் கோயில்.

— உசரத்தையாவது கொறைச்சிருக்கலாம்.

— சாராயக்கடையில வாய் விட்டுட்டேனே. பக்கத்து ஊர்க் கோயிலைவிட ஒரு ஆள் உசரம் கூடக் கட்டறேன்னு. அந்த ஒரு ஆளு நான்தான்னு அப்ப தெரியல.

— ஒண்ணும் ஆகாது. சீஸ் வேணுமா?

— எப்படிடி உனக்கு இங்க உக்காந்து தொண்டையில இறங்குது? போதும், எழுந்திரு. வெளிய போ.

— நான் இங்கயே இருக்கேன்.

— சொன்னாக் கேளு. பிள்ளைங்களுக்கு ஒருத்தராவது வேணும். நான் நிக்கறேன், நெஜமாத்தான். கூட்டம் வந்து வேடிக்கை பாக்கறதுக்குள்ள முடிச்சுடலாம். ஏய் ரெனியே, மேலதானே இருக்க? ஆப்பைத் தட்டு.

— எந்த ஆப்பை, அத்தான்?

— எந்த ஆப்பா? எல்லாத்தையும்தான்டா.

— ஆப்பு ஏது? நீங்க வயித்துவலின்னு படுத்திருந்தீங்களே, அன்னிக்கே எடுத்தாச்சு. மரம் ஒரு விரல் இறங்கிடுச்சு, கல்லு அப்படியே நிக்குது. நீங்கதான் ஒரு வாரமா மேல ஏறவே இல்லையே. அக்கா சொல்லலையா?

— எர்சன், இவன் என்ன சொல்றான்?

— பிஷப் முன்னாடி நீங்க தைரியமா நிக்கணும்னு சொல்லாம இருந்தேன். பாவி, உளறிட்டான்.

— அன்னிக்கு அடியில யாரு நின்னது?

— நான்தான்.

— ஐயோ, விழுந்திருந்தா?

— விழுந்திருந்தா இன்னிக்கு நீங்க நிக்க வேண்டி வந்திருக்காது.

— என் கைவேலை மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கையா?

— நம்பிக்கை இருந்திருந்தா உங்களையே நிக்க விட்டிருப்பேனே.