வஞ்சினம்னா வஞ்சனை இல்லை

அக்கா: ...சிரிக்காம கேளு. நீ சிரிச்சா எனக்கு மறந்துடும்.

தம்பி: நான் எங்க சிரிச்சேன்? பஸ் வருதான்னு பாக்குறேன். சொல்லு.

அக்கா: "ஆங்கிலத்தோட ஆதிகால இலக்கியத்துல வீரம்னா..." வீரம்னா...

தம்பி: மீசை.

அக்கா: செருப்பு!

தம்பி: சலவைக் கூடத்துல நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு தேய்க்கிறவளுக்கு எதுக்குக்கா இந்த வம்பு? எழுதப் படிக்கத்தானே மாலை வகுப்புல சேர்ந்தே?

அக்கா: ஆளுக்கொரு தலைப்புன்னு டீச்சர் சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. என் தலையில இது விழுந்துச்சு. எல்லார் முன்னாடியும் நின்னு பேசணும்.

தம்பி: போன வாரமே பேசறதா இருந்தியே?

அக்கா: என் முறை வர்றதுக்குள்ள நேரம் ஆயிடுச்சு... அதை விடு. கேளு. சண்டைக்கு முந்தின ராத்திரி ராஜா மண்டபத்துல விருந்து நடக்கும். ஒவ்வொரு வீரனும் எழுந்து நின்னு, எல்லார் காதுலயும் விழற மாதிரி வஞ்சினம் சொல்லணும்.

தம்பி: வஞ்சனையா? சோறு போட்டவனுக்கேவா?

அக்கா: வஞ்சனை இல்லடா மண்டு, வஞ்சினம்! "நாளைக்கு ஓரடி கூடப் பின்வாங்க மாட்டேன்"னு சபதம்.

தம்பி: குடிச்சா எல்லாருமே சொல்றதுதான்.

அக்கா: விடிஞ்சதும் செஞ்சு காட்டணுமே. காட்டலேன்னா வெறும் சவடால்.

தம்பி: அவனுங்களுக்குப் பயமே இருக்காதா?

அக்கா: பயம் இல்லாதவன் எதுக்குச் சபையில சொல்லணும்? பேசாம போய்ச் சண்டை போட்டுட்டு வருவான். வாயால சொல்லிட்டா அப்புறம் ஓட முடியாது பாரு.

தம்பி: அப்படியும் எவனாவது ஓடியிருப்பானே?

அக்கா: ஓடினவனும் உண்டு. காட்டுக்குள்ள போயிடுவான்.

தம்பி: பாவம்.

அக்கா: ...ஆமா. பாவம்தான். சரி, இதை நான் நடிச்சுக் காட்டணும். நீதான் வீரன். எழுந்திரு. மொட்டை மாடியிலேருந்து கயிறுல தொங்கிக் கண்ணாடி துடைக்கிறவன், உனக்கென்ன கஷ்டம்? சொல்லு. "நாளைக்கு நான்..."

தம்பி: நாளைக்கு நான்...

அக்கா: ம்.

தம்பி: பஸ் வர்ற மாதிரி இருக்கு.

அக்கா: அது குப்பை லாரி. "கயிறுல இறங்குவேன்"னு சொல்லு. தினம் செய்யற வேலைதானே?

தம்பி: ...இறங்கி ஒரு மாசம் ஆச்சுக்கா.

அக்கா: ம்.

தம்பி: கயிறு வழுக்கி ஒரு முழம் கீழ போயிட்டேன். உடனே பிடிச்சுக்கிச்சு. ஒரு கீறல் கூட இல்ல. ஆனா மறுநாள் மாடிச் சுவரைத் தாண்டிக் கால் போகல. இப்ப உள்ளே தரை துடைக்கிறேன். நாளைக்கும் இறங்கலேன்னா என் கயிறை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு மேஸ்திரி சொல்லிட்டார்... நீ ஏன் ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிற?

அக்கா: உன் சட்டையைத் துவைக்கிறது யாரு? தோள்ல கயிறு மாட்டுற வார் அழுத்தின கருப்புத் தடம் எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. ஒரு மாசமா மாப்பிள்ளைச் சட்டை மாதிரி வருது.

தம்பி: தெரிஞ்சும் சும்மா இருந்தியா? இதுதான்க்கா வஞ்சனை.

அக்கா: நீ பண்ணது என்னவாம்? சொல்லு, பஸ் வருது. இந்தத் தடவை நிஜமாவே வருது.

தம்பி: இங்கயா? நாலு பேர் பாக்குறாங்க.

அக்கா: பாக்கட்டும். சாட்சி இல்லாம வஞ்சினம் ஏது?

தம்பி: நாளைக்கு நான்... கயிறுல இறங்குவேன். கால் நடுங்கினாலும் இறங்குவேன். போதுமா? அந்தப் பெரியவர் பையை இழுத்துக்கிட்டுத் தள்ளி நிக்கிறார்.

அக்கா: போதும். மீதியைச் சட்டை சொல்லும்.

தம்பி: ஏறு, ஏறு. நானும் வரேன். நீ பேசி முடிக்கிற வரைக்கும் வகுப்பு முன்வாசல்ல நிக்கிறேன்.

அக்கா: முன்வாசல் வேண்டாம்டா... பின்வாசல்ல நில்லு. போன வாரம் என் பேரைக் கூப்பிட்டதும் அது வழியாத்தான் ஓடினேன்.