எதிர்க் கொலிச் ரை

"இந்த ரையோட போனியெண்டால் உனக்குப் பொம்பிளை தரமாட்டினமடா."

புரோசார்ட் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த இரண்டு பெடியளில், ஹூடி போட்டவன்தான் இப்படிச் சொன்னான். மற்றவன் பித்தளைப் பொத்தான் மினுங்கும் நீலக் கோட்டும், அந்த ரை என்கிற கோடு போட்ட கழுத்துப்பட்டியுமாக விறைத்துக்கொண்டு இருந்தான்.

"ஏன்ரா? போனமுறை ஜீன்சோட போனன், அவளின்ர அப்பா ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. அதுதான் என்ர அப்பான்ர கொலிச் கோட்டும் ரையும் போட்டனான்."

"விசரா, அவர் படிச்சது எதிர்க் கொலிச்சிலை! கிரிக்கெட் மேட்சிலை உங்கட அப்பாவின்ர ஆக்களோட அடிபட்டவராம்."

"ஐயோ!"

அவன் ஒரு கையால் முடிச்சை அவிழ்த்தபடி அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொன்னான். அவள் சிரித்தது எனக்கே கேட்டது.

"கழட்டாதேங்கோ! அப்பாவுக்கு உங்களோட என்னத்தைக் கதைக்கிறதெண்டு தெரியேல்லை. இதைக் கண்டால் சண்டைக்கு வருவார்."

"பேந்து?"

"பேந்தென்ன? சண்டை முடியிறதுக்கே உங்களைத் திருப்பித் திருப்பிக் கூப்பிடுவார்."

நான் வெளியே ஆற்றைப் பார்ப்பது போலத் திரும்பிச் சிரித்தேன். ஹூடிக்காரன் தானே முடிச்சைத் திரும்பக் கட்டிவிட்டான். பிறகு அந்தப் பொத்தானைத் தடவிப் பார்த்து மெல்லக் கேட்டான்:

"உங்கட அப்பாட்டை இன்னொரு கோட்டும் ரையும் இருக்கோடா? அவளுக்குத் தங்கச்சி ஒராள் இருக்கிறாளெல்லோ."