பச்சை வானம்

கிள்ளானிலிருந்து கிளம்பிய ரயிலில் ஒரு பெண் கைப்பேசியில் பழைய விமான விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைப் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“அந்த கேம்ல வானத்தப் பச்சையாக்குனது நான்தாம்மா.”

“என்ன அங்கிள்?”

“கடையில காசு போட்டு ஆடுற கேம் பெட்டி இருக்கும்ல? அந்த கேமெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாத்தி எழுதுறதுதான் அப்ப என் வேல. அசல் கேமோட படம், கோடு எதுவும் யாரும் தரமாட்டாங்க. கடையில நின்னு பாத்து, அப்படியே எழுதணும். வானம் பச்சையாத் தெரிஞ்சுது, பச்சையே போட்டேன். கேம் வித்தப்புறம் சுங்கை வே கடை ஒண்ணுல அதே கேம் இன்னொரு பெட்டியில பாக்குறேன், வானம் மஞ்சள்! நான் பாத்த ஸ்கிரீன்ல சிவப்பு செத்துப்போயிருக்கு லா. சிவப்பு வரலன்னா மஞ்சள் பச்சையாத்தான் தெரியும்.”

சுபாங் ஜெயாவில் கதவு திறந்து மூடியது. வெளியே மழை விட்டு மஞ்சள் வெயில் அடித்தது.

“சின்ன வயசுல வீட்டுல இதத்தான் ஆடுவேன் அங்கிள். இன்னிக்கும் கனவுல பறந்தா வானம் பச்சைதான்.”

பெரியவர் அவர் பக்கம் திரும்பினார்.

“கனவுல எங்கம்மா போவீங்க?”

“எங்கயும் இல்ல. நேரா போய்க்கிட்டே இருப்பேன். எறங்கவே மாட்டேன்.”

“எப்படிம்மா எறங்குவீங்க? எறங்குற எடம் போட அந்தக் கம்ப்யூட்டர்ல மெமரி பத்தல.”