கடைசியாக நலமாகப் பார்த்தவர்

மேடையிலிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, துறைத் தோழர்களே, முன்வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் அண்ணன் அவர்களே,

எங்கள் பக்கவாதப் பிரிவில் இருபத்தோரு ஆண்டுகள் உழைத்த அம்மையாரைப் பற்றி நான் பேச வேண்டுமாம். பதினோரு ஆண்டுகள் அவரோடு பேசாதவன் நான்.

சண்டை எதற்கு? கடிகாரத்துக்கு. நோயாளி வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி: இவரைக் கடைசியாக நலமாகப் பார்த்தது யார், எத்தனை மணிக்கு? அந்த மணியிலிருந்து ஆறு மணி நேரம் கெடு. கெடு தாண்டினால் அடைப்பை நீக்கும் சிகிச்சை இல்லை. விதியை எழுதியவன் நான்.

அவர் கூட்டத்தில் எழுந்தார். "சார், எல்லா மூளையும் ஒரே வேகத்துல சாகிறதில்லை. பக்கத்து ரத்தக்குழாய் கைகொடுத்தா அரை நாளுக்கு மேலகூடத் தாங்கும். சர்க்கரை ஏறி, காய்ச்சலும் அடிச்சா சீக்கிரமே போயிடும். ஸ்கேனைப் பாருங்க, சுவரைப் பாக்காதீங்க."

"அப்ப கடிகாரத்தைக் கழட்டிரலாமா மேடம்?" என்றேன். சிரித்தீர்கள். இன்று மேடையில் இருக்கும் நீங்களும்தான் சிரித்தீர்கள். மறு ஆண்டு அவருடைய கட்டுரையில் என் விதி தவறுக்கு எடுத்துக்காட்டாக வந்தது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

அவர் நிறுத்தினாரா? கெடு தாண்டியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லி, சர்க்கரை, காய்ச்சல், ரத்த அழுத்தம் எல்லாம் எழுதி வைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கம். அந்த ஸ்கேன்கள் கோப்புக்கு மட்டுமே, சிகிச்சைக்கு அல்ல என்பதும் என் விதி.

சென்ற செவ்வாய் காலை அவரையே கொண்டுவந்தார்கள். பணி மருத்துவர் போன் செய்தார். "சார், தனியா இருந்திருக்காங்க. கடைசியா யார் பார்த்தாங்கன்னே தெரியலை."

எனக்குத் தெரியும். முந்தைய மாலை படிக்கட்டில், "என்ன சார், இன்னைக்கும் பேச மாட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். முகம் கோணவில்லை, நாக்கு குழறவில்லை. நான் போனைப் பார்த்துக்கொண்டே ஏறிவிட்டேன்.

"நேத்து ஆறு பத்து" என்றேன்.

"அப்ப கெடு தாண்டிடுச்சு சார்."

"ம்" என்றேன்.

அம்மையார் ஏற்படுத்திய பழக்கப்படி ஒன்பது மணிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கோப்பில் வைத்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அதை நான் பிரித்துப் பார்த்தேன். பக்கத்துக் குழாய்கள் காப்பாற்றிக்கொண்டிருந்தன; மூளையின் பெரும்பகுதி உயிரோடு இருந்தது. ஓடினேன். அதற்குள் கடும் காய்ச்சல். மறு ஸ்கேனில் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. மறுநாள் போய்விட்டார்.

அண்ணன் அவர்களே, மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதியில்லை. இன்று காலை அந்த இரண்டு விதிகளையும் திரும்பப் பெற்றுக் கையெழுத்திட்டேன். இனி ஸ்கேன் பார்க்காமல் இந்தப் பிரிவில் யாருக்கும் சிகிச்சை இல்லை என்று சொல்ல மாட்டோம். அவருடைய கோப்பை நான் தொடர்வேன்.

முந்நூற்றுப் பதின்மூன்றாவது பக்கம் எழுதிவிட்டேன். கடைசியாக நலமாகப் பார்த்தவர் என்ற கட்டத்தில் மற்றவர்களுக்கு மகள், மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று இருக்கிறது. அவருக்கு என் பெயர் இருக்கிறது.