பதினோரு ஓட்டு

வாடகைக் காரா? இல்ல சாரே, ஸ்ரீரங்கன் ஐயாவோட சொந்தக் காரு. லஸ்ல அவரு பங்களாவுலதான் நிக்கும். ஏழு வருசமா நான்தான் டிரைவரு. பக்கிரின்னு எழுதிக்கோங்க. எலக்சன்ல ஐயா பதினோரு ஓட்டுல ஜெயிச்சது செல்லாதுன்னு தோத்தவரு கேஸ் போட்டுக்கீறாரு, நீங்க அவரு வக்கீலோட குமாஸ்தா. தெரியும். கேளுங்க, சொல்றேன்.

துட்டா? யாருக்கும் குடுக்கல. வெத்தல பாக்கு, சோடா, அவ்ளோதான்.

ஓட்டு அன்னிக்குக் காலைல ஏழு மணிக்கே காருக்கு மாலை போட்டாங்க. வெள்ளைக்காரன் சட்டத்துல வரி கட்றவங்களுக்குத்தானே ஓட்டு, எனக்கு ஏது? ஆனா நான் இட்டாந்து வுட்டாதான் ஓட்டு வுழும். குப்பத்துல உங்க கட்சிக்காரரு காரும் ஆள் ஏத்த நின்னுக்கினு இருந்துச்சு. அங்க வூட்டு வரி கட்ற பச்சையம்மா ரெண்டு காரையும் பாத்துட்டு எங்க வண்டில வந்து ஏறிச்சு. அதுவரைக்கும் கார்ல ஏறினதே இல்லியாம், சீட்டை ரெண்டு கையால புடிச்சுக்கினு வந்துச்சு. நான் உங்க டிரைவரைப் பாத்து ஹாரன் அடிச்சேன். எத்தினி ட்ரிப்புன்னு எண்ணல சாரே.

மூணு மணிக்கா? ஆமா, ஒரு பொம்பள அழுதுக்கினு ஓட்டுச்சாவடிக்கு வந்துச்சு. துட்டு கேக்க வர்ல. அது தேசம்மா, என் பக்கத்து வூடு. என் பொஞ்சாதி கங்கம்மாவுக்கு காலைலேந்து வலி. மருத்துவச்சி கைய விரிச்சுட்டா, ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்னு சொல்ல வந்துச்சு.

இல்ல, அப்போ போவல. சாந்தோம்ல வேதநாயகம்னு ஒரு பெரியவரு, நடக்க முடியாது. அவரு ஒருத்தருதான் பாக்கின்னு சொன்னாங்க. போனேன். முட்டிவலி, படி எறங்கவே அவருக்குக் கால் மணி நேரம் ஆச்சு. இட்டாந்தா, ஆபீசர் லிஸ்டைப் பொரட்டிட்டு, இவரு கிறிஸ்தவரு, இவங்களுக்குன்னு சர்க்கார் தனித் தொகுதி வச்சிருக்கு, இங்க ஓட்டு இல்லன்னுட்டாரு. அவர நடு ரோட்டுல வுட முடியுமா? திரும்பக் கொண்டாந்து வூட்டுல வுட்டேன். பாவம், சிரமம் குடுத்துட்டேன்பான்னாரு.

அப்புறம் வூட்டுக்குப் போனேன். வாசல்ல கூட்டம். ஒதுங்கி வழி வுட்டாங்க. ரெண்டு உசுரும் போய்ட்சு. பொண்ணு கொழந்த சாரே.

இல்ல இல்ல, அப்டி எழுதாதீங்க. ஓட்டுக்காக மொதலாளி தடுத்துட்டாருன்னு எழுதினா அது பொய்யி. தேசம்மா சொன்னப்போ ஐயா பக்கத்துலதான் இருந்தாரு. ஓட்டாவது ஒண்ணாவது, கார எடுத்துக்கினு ஓடுடான்னு முதுகுல கை வச்சுத் தள்ளினாரு. நான்தான் போவல. உங்க காரு தெருமுனைல நின்னுச்சு. நான் போய்ட்டா அந்தப் பெரியவர உங்க டிரைவரு ஏத்திக்குவானேன்னு தோணிச்சு. அரை மணி நேரந்தானே ஐயா, இந்த ஒண்ண முடிச்சுட்டுப் போறேன்னு நான்தான் சொன்னேன்.