ஏரிக்குப் போன சிவப்புக் கோடு

எத்திராஜ்: செருப்பக்கூட கழட்டாம நிக்கிறியே... இன்னாமே ஆச்சு? வாயத் தொற.

பூங்காவனம்: மொதல்ல தண்ணி குடு. நெமிலிச்சேரி டேசன்லேர்ந்து நடந்தே வரேன்.

எத்திராஜ்: ஏன், ஆட்டோ இல்லியா?

பூங்காவனம்: கீது. எனக்கு நடக்கணும் போல இருந்திச்சி. தெரு நடுவுல, தல நிமிந்து.

எத்திராஜ்: அப்போ...

பூங்காவனம்: தண்ணி.

எத்திராஜ்: இந்தா. முழுங்கிட்டு சொல்லு. உன் மூஞ்சியப் பாத்தா நல்ல சேதியா, ஒப்பாரியான்னே தெர்ல.

பூங்காவனம்: உனக்கு இன்னாத்துக்கு அது? காலையில நான் கெளம்பசொல்லோ இன்னா சொன்னே? "ஏர்போர்ட்டு ஆபீசுக்கு கேலண்டர் தூக்கினு போறா பாரு"ன்னு நக்கல் பண்ணல?

எத்திராஜ்: பண்ணேன். அந்தச் சின்ன ஏர்போர்ட்டுக்காரன் மேப்புல செவப்புக் கோடு கிழிச்சிட்டான். பிளைட்டு தாழப் பறக்குற வழி, கோட்டுக்குள்ள கீற ஊட்டு மேல மாடி எழுப்பக் கூடாதுன்னு நோட்டீசும் ஒட்டிட்டான். ரெண்டு வருசமா மொட்ட மாடில தூண் கம்பி துருப்புடிச்சிகினு நிக்குது. அதுல கட்டன திருஷ்டி பொம்மைக்கே தல வெளுத்துப் போச்சி. அவனாண்ட போயி நீ...

பூங்காவனம்: கம்பி துருப்புடிச்சா பெயின்ட் அடிச்சிக்கலாம். வானகரத்துல நம்ம கலைவாணி ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு ஒத்த ரூம்ல வேவறாளே... அதுக்கு இன்னா அடிக்கிறது?

எத்திராஜ்: பெத்த பொண்ண நான் மறந்துட்டேனா இன்னா?

பூங்காவனம்: நான் அப்பிடி சொல்லலியே.

எத்திராஜ்: சரி, உள்ள போனே. அப்பறம்?

பூங்காவனம்: நீட்டு மேசை. அந்தாண்ட ஆறு பேரு. "ஆட்சேபணை எதுனா இருந்தா சொல்லுங்கம்மா"ன்னாங்க. பையத் தொறந்து கேலண்டர் தாளு கட்ட அப்பிடியே மேசை மேல வெச்சேன்.

எத்திராஜ்: அந்தக் குப்பையவா!

பூங்காவனம்: பதினாலு மாசத்துக் குப்பை. தெனமும் கிழிக்கிற தாள மாடிப்படியாண்ட ஆணியில குத்தி வெச்சி, எத்தினி மணிக்கு எந்தப் பக்கம் பிளைட்டு போச்சின்னு பின்னால எழுதன குப்பை. நம்ம தெரு மேல ஒண்ணுகூட வந்ததில்ல. எல்லாம் ஏரி மேலயே திரும்பிடுது. அது பறக்கறது ஒரு பக்கம், இவங்க கோடு போட்டது ஒரு பக்கம்.

எத்திராஜ்: சிரிச்சிருப்பானுங்க.

பூங்காவனம்: ஒருத்தரு சிரிச்சாரு. பெரிய ஆபீசரு சிரிக்கல. பிளைட்டு போறத அவங்க எழுதி வெக்கிற நோட்ட எடுத்தாரச் சொன்னாரு. "மார்ச்சு ஒம்பது, பகல் பதினொண்ணே கால், படிங்கம்மா"ன்னாரு. படிச்சேன். ரெண்டும் ஒண்ணா இருந்திச்சி. "ஜூலை இருவத்திரெண்டு." அதுவும் சரி. அந்த மழை பேஞ்ச அன்னிக்கி ஒண்ணுமே வர்லன்னு எழுதியிருந்திச்சே...

எத்திராஜ்: கரீட்டு! அன்னிக்கி ஒண்ணுகூட வர்ல!

பூங்காவனம்: உனக்கு எப்பிடித் தெரியும்?

எத்திராஜ்: ...பேப்பர்ல போட்டிருந்தான். நீ மேல சொல்லு.

பூங்காவனம்: ஆறு பேரும் குனிஞ்சி குசுகுசுன்னு பேசிக்கினாங்க. அப்பறம் மேப்ப விரிச்சி, "பழைய வழிய வெச்சி கோடு போட்டுட்டோம்"னாரு பெரியவரு.

எத்திராஜ்: பூங்கா... உசுர வாங்காத. கோடு இன்னா ஆச்சு?

பூங்காவனம்: ஏரிக்குப் போயிடிச்சிய்யா! ஏரிக்கு அந்தாண்ட போயிடிச்சி! நம்ம தெரு பதினெட்டு ஊடும் வெளிய! இந்தா லெட்டரு... சீல் போட்டு, கையெழுத்து போட்டு!

எத்திராஜ்: அம்மாடியோவ்! குடு... கண்ணாடி எங்க... குடு குடு. "உயரத் தடை நீக்கப்படுகிறது"... பூங்கா! ஜெயிச்சிட்டமே!

பூங்காவனம்: கண்ணத் தொடச்சிக்கினு படி. எழுத்து நனயப் போவுது.

எத்திராஜ்: எவன் அழுவறான்? ...அழுவறேன், போ! இன்னாங்கிறே இப்போ?

பூங்காவனம்: ஒண்ணுங்கல. எதுத்தூட்டு துலுக்கானம் அண்ணன் பட்டாசு வாங்க ஓடிக்கீறாரு. நீ கலைவாணிக்கு போன் போடு. மேஸ்திரிய நாளைக்கே வரச் சொல்லு.

எத்திராஜ்: போடறேன், போடறேன். தெனமும் கம்பெனிக்குப் போவசொல்லோ மாடிப்படில மோர் சொம்ப மறந்து வெச்சிட்டுப் போறவ நீ. புளிச்சிப் போவுமேன்னு நான்தான் குடிச்சிக் காலி பண்றேன். அந்த மறதிக்காரி ஆறு ஆபீசர மடக்கிட்டாளே!

பூங்காவனம்: மறதி கீதுதான், இல்லேங்கல. ஆனா அங்க ஒண்ணு கேட்டாங்கய்யா.

எத்திராஜ்: இன்னா கேட்டாங்க?

பூங்காவனம்: "எட்டு மணிக்கு அம்பத்தூர் கம்பெனிக்குப் போனா ஆறு மணிக்குதான் வரேன்றீங்க. பகல்ல வந்தத எழுதனது யாரு?"ன்னு.

எத்திராஜ்: ...துலுக்கானமா இருக்கும்.

பூங்காவனம்: அன்னிக்கி அந்த ஆபீசுலேர்ந்து ஊடு அளக்க வந்திச்சே, விஷால்னு ஒரு தம்பி... அதுதான் எழுந்து சொல்லிச்சி. "சார், இந்தம்மா ஊட்டு மாடில ரெண்டு திருஷ்டி பொம்மை பாத்தேன். ஒண்ணு கம்பியில தொங்கிச்சி. இன்னொண்ணு தலையில துண்டப் போட்டுக்கினு, கையில பேனா வெச்சிக்கினு வானத்தையே பாத்துச்சி"ன்னு. மொத்த ஆபீசும் சிரிச்சிது.

எத்திராஜ்: ரிட்டையர் ஆன மனுசன்... சும்மா காத்து வாங்க...

பூங்காவனம்: மே மாசம்? பகல் பன்னெண்டு மணிக்கா?

எத்திராஜ்: இன்னா பண்ணச் சொல்றே? நானும் நம்பறேன்னு காட்டிக்கினு, கடைசில தோத்துட்டா நீ ஒடஞ்சிப் போவியே. அதான் நக்கலாவே பேசிகினு இருந்தேன். ஆனா பகல் பூரா தாளு காலியா கெடந்தா எவன் ஒத்துக்குவான்? உன் கையெழுத்து மாதிரியே குண்டு குண்டா எழுதி வெச்சேன். உனக்குத் தெரியாமயே முடிச்சிடலாம்னு பாத்தேன்... அந்தத் தம்பி போட்டுக் குடுத்துட்டான்.

பூங்காவனம்: எனக்குத் தெரியாமயா? எம்பொம்மை வெயில்ல காயுதேன்னுதான்யா, பதினாலு மாசமா அந்த மோர் சொம்ப மாடிப்படில மறந்து வெச்சிட்டுப் போனேன்!